காஞ்சொறி மூலை

ஆராவ், சுவிஸ், ஜூன் 12, வெள்ளி

வண்ணத்துப்பூச்சிகளை வாழவைக்கும் தோட்டம் என்ற பலகையைத் தோட்டச் சங்கம் வத்சலாவுக்குக் கொடுத்துவிட்டது. பக்கத்திலிருக்கும் என் தோட்டத் துண்டில் ஒரு களை கிடையாது. அவளோ ஒரு மூலை முழுக்க, கை பட்டாலே எரியும் காஞ்சொறியை வளரவிட்டிருக்கிறாள். அதற்குக் கைதட்டல் வேறு!

“வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் இதைத்தான் தின்னும், அக்கா. நீங்களும் ஒரு மூலையை விடுங்கோவன்,” என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம், அந்தக் காஞ்சொறியிலிருந்து ஆறு கறுப்புப் புழுக்களைப் பிடித்து வந்து என் புதினாவில் விட்டேன்.

“கையெல்லாம் ஏன் தடிச்சிருக்கு?” என்று வீட்டில் இவர் கேட்டார்.

“நுளம்பு கடிச்சது,” என்றேன்.

இன்னும் எரிகிறது. நான் கிளம்பும்வரை ஒரு புழுவும் புதினாவில் வாய் வைக்கவில்லை. என் துண்டில் முளைத்த காஞ்சொறியையெல்லாம் நானே வேரோடு பிடுங்கிவிட்டேன். காலையில் புழுக்களுக்குக் காஞ்சொறி இலை அவளிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.