ஏரி வற்றும் வரை

ஜனவரி 9

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. மண்வெட்டியால் வழித்துத் தள்ளிய பிறகுதான் வண்டிக் கதவையே திறக்க முடிந்தது. இன்று நான் வண்டியில் சுற்றிக் காட்டிய விடுதி விருந்தினர்கள் வடக்கே ஹாம்பர்க் பக்கத்துக்காரர்கள். முதலில் குளூர்ன்ஸ், அதன் கோட்டை மதில். அப்புறம் மலைமேல் மரியன்பெர்க் மடம். கடைசியாக ஏரி. எப்போதும் போகிற வழிதான்.

ஏரி முழுசாக உறைந்துவிட்டது. நடுவில் நிற்கிற மணிக்கூண்டு வரைக்கும் நடந்தே போகலாம் என்று விடுதிக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லோரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓடினார்கள், சறுக்கி விழுந்தார்கள், சிரித்தார்கள். நான் கரையிலேயே நின்றேன்.

ஒரு பெண் வந்து கேட்டாள்: "இதுக்குக் கீழ ஒரு ஊரே இருக்குதாமே, நிஜமாவா?"

நிஜம்தான் என்றேன். அணை கட்டியபோது மூழ்கிய ஊர், கோயில் இடிக்கப்பட்டது, மணிக்கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.

ஊர் மட்டுமா இருக்கிறது கீழே?

நவம்பரில் எல்மர் மீன் பிடிக்கப் படகில் போனான். சாயங்காலம் காற்று கிளம்பியது. மறுநாள் படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. என் மகன் ஒதுங்கவில்லை. தீயணைப்புக் குழுப் பையன்கள் முக்குளித்துத் தேடினார்கள். ஏரி உறையத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள்.

இன்று அவன் தலைக்கு மேலேதான் அத்தனை பேரும் ஓடினார்கள்.

ஜனவரி 12

வசந்தத்தில் அணைக்காரர்கள் ஏரித் தண்ணீரை இறக்குவார்கள், அப்போது தெரிந்துவிடும் என்று ஆரம்பித்தேன். என் மனைவி ஃபிலொமேனா முடிக்க விடவில்லை.

"நீ தண்ணியையே பாத்துக்கிட்டு இரு. நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவன் நீந்திக் கரையேறிவிட்டான் என்கிறாள். குளிரில், அதிர்ச்சியில் பேரும் ஊரும் மறந்துபோய் எல்லை தாண்டி எங்கேயோ போய்விட்டான். ஸ்விட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் எவ்வளவு தூரம், கைக்கெட்டின தூரம்தானே? "பேப்பர்ல இந்த மாதிரி வரலையா? நீயே படிச்சிருக்கியே."

படித்திருக்கிறேன்.

மத்தியானம் பங்குச்சாமி கசியான் வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஃபிலொமேனா அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டாள். பாதிதான் குடித்திருந்தார், பாவம்.

ஜனவரி 20

ரொட்டிக் கடை ஹில்டெகார்ட் எல்மரைப் பார்த்தாளாம். எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்விட்சர்லாந்தில் இருக்கிற முஸ்டயரில், கன்னியர் மடத்து விறகுக் கொட்டகையில். அதே சிவப்புச் சட்டை, அதே தாடி, அதே மாதிரி தோளைச் சாய்த்த நடை. கூப்பிட்டிருக்கலாமே என்றேன். "பஸ் கிளம்பிருச்சு எங்கல்பெர்ட். நான் என்ன பண்ண?"

ஃபிலொமேனா இப்போதே சூட்கேஸ் எடுத்து வைத்துவிட்டாள். அவனுடைய மாற்றுத் துணிகள்.

ஜனவரி 23

விடுமுறை நாள். முஸ்டயர் போய்வந்தோம்.

குளூர்ன்ஸ் தாண்டி எல்லைச்சாவடி வரை அவள் வாய் ஓயவில்லை. வந்ததும் அவனுக்கு முடி வெட்டணும். டாக்டரிடம் காட்டணும். ஊர்க்காரர் யாரும் ஒரு வாரத்துக்குக் கேள்வி கேட்கக் கூடாது. எனக்கும் — எதற்குப் பொய், எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. வளைவில் வண்டியை வழக்கத்தைவிட வேகமாகத் திருப்பினேன்.

மடத்துக் கோயிலுக்கு எத்தனையோ தடவை ஆட்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கும் மேலான ஓவியங்கள் சுவர் முழுக்க. இன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கதவு திறந்த கன்னிகாஸ்திரீயிடம் ஃபிலொமேனா, "விறகு வெட்டுற பையன்" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்தார், பின்பக்கம் அழைத்துப் போனார்.

முதுகு காட்டி நின்றான். அதே முதுகுதான். சிவப்புச் சட்டை. ஃபிலொமேனா ஓடினாள். பனியில் அவள் ஓடிப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று.

"எல்மர்!"

திரும்பினான். யாரோ ஒரு பிள்ளை. போர்த்துக்கல்காரன். பேர் துவார்த்தே என்றான். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, உடைந்த ஜெர்மனில், "அம்மா, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டான்.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவில்லை. அவனும் உருவிக்கொள்ளவில்லை, அப்படியே நின்றான். "உன் அம்மாவுக்கு ஃபோன் பண்றியா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை பண்ணுவேன்."

"இன்னைக்கே பண்ணு."

திரும்பி வரும்போது சூட்கேஸ் பின்சீட்டில் ஒவ்வொரு வளைவிலும் உருண்டுகொண்டே வந்தது.

பிப்ரவரி 3

பார்லி சூப். குடித்துவிட்டுப் படுத்தோம்.

பிப்ரவரி 18

தவக்காலத்து முதல் ஞாயிறு. பையன்கள் மலைச்சரிவில் நெருப்புவட்டு வீசுகிற நாள். சின்ன வட்டமான மரத்துண்டைக் குச்சியில் குத்தி, தீயில் கனல வைத்து, சுழற்றிப் பள்ளத்தாக்கை நோக்கி விடுவார்கள். ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு பேர் சொல்லிக் கத்துவார்கள். பெரும்பாலும் காதலி பேர். அதற்குக் கீழே நிற்கிற கூட்டம் கேலி செய்யும்.

நான் போக நினைக்கவில்லை. ஃபிலொமேனாதான் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். இருட்டியதும் போனோம். விஜில் மேலே நின்றான். எல்மரின் சிநேகிதன், தீயணைப்புக் குழுவில் இருக்கிறான், நவம்பரில் தண்ணீருக்குள் இறங்கியவர்களில் அவனும் ஒருவன். கீழே யாரோ, "டேய் விஜில், இந்தத் தடவையாவது அவளுக்குக் கேக்குற மாதிரி கத்துடா!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

விஜில் குச்சியைச் சுழற்றினான்.

"இது எல்மருக்கு!"

சிரிப்பு நின்றுவிட்டது. வட்டு நன்றாக உயரப் போனது. வளைந்து, ஆப்பிள் தோட்டங்களுக்கு மேலே போய் அணைந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஃபிலொமேனா கேட்டாள்: "உயிரோட இருக்கிறவங்க பேரைத்தானே சொல்லுவாங்க?"

"ஆமா."

"அப்ப அவனும் நம்புறான்."

விஜில் அழுதுகொண்டே இறங்கியதை நான் பார்த்தேன். இவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 6

இந்த முறை ஆஸ்திரியாவில் லாண்டெக். ஆஸ்பத்திரியில் பேர் தெரியாத ஒருவன் கிடக்கிறானாம். போனோம். அறுபது வயசுக் கிழவன். ஃபிலொமேனா அவனுக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

மார்ச் 19

சூசையப்பர் திருநாள். இங்கே அப்பாக்களின் நாள்.

வண்டியைக் கழுவினேன்.

மார்ச் 27

திராஃபோயில் மூன்று புனித ஊற்று இருக்கிறதே, அங்கே போகணும் என்றாள். இப்போது சாலை மூடியிருக்கும், கோடையில் போகலாம் என்றேன். "கோடை வரைக்கும் என்னால முடியாது."

வண்டியை ஊரில் விட்டுவிட்டு நடந்தோம். முழங்கால் வரை பனி. ஆர்ட்லெர் மலை ஒரு பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு இடத்தில் பனிச்சரிவு பாதையை மூடியிருந்தது. திரும்பிவிடலாம், சறுக்கிவிட்டால் தூக்க ஆள் இல்லை என்று சண்டை போட்டேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

ஊற்றுக்குப் பக்கத்துத் தேவாலயம் பூட்டியிருந்தது. ஊற்றுத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் குளிரிலும். அவள் கையுறையைக் கழற்றிக் கையை அதில் வைத்தாள். எடுக்கவே இல்லை. விரல் சிவந்து, அப்புறம் வெளுத்துவிட்டது. நான்தான் இழுத்து என் சட்டைக்குள் வைத்துத் தேய்த்தேன்.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"இப்படித்தான் இருந்திருக்கும் அவனுக்கு" என்றாள்.

இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து இது முதல் தடவை.

ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டோம். இறங்கும்போது, என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். எப்படின்னு சொல்லலை."

ஏப்ரல் 11

ஏரியை இறக்க ஆரம்பித்து நாளாயிற்று. மணிக்கூண்டைச் சுற்றி வெறும் சேறு. பழைய ஊரின் சுவர் அடி, படிக்கட்டு எல்லாம் தெரிகிறது. விருந்தினர்கள் ஏமாந்துபோகிறார்கள், படத்தில் பார்த்த மாதிரி இல்லையே என்று.

அவர்களை விடுதியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்ச் சேற்றோரமாக நடக்கிறேன். இன்று விஜில் பார்த்துவிட்டான்.

"மாமா, மேல வாங்க. அது உள்ள இழுத்துரும்."

"இந்தக் கல்லு வரைக்கும்தான்டா."

"சொன்னா கேளுங்க. உங்களையும் சேர்த்துத் தேட வச்சிராதீங்க."

திட்டிவிட்டு அவனே கையைப் பிடித்து ஏற்றினான். பிறகு இருவரும் வண்டியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 24

கிடைத்துவிட்டான்.

காலையில் விஜில் ஃபோன் பண்ணினான். "மாமா" என்றான். அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது.

கிழக்குக் கரைப் பக்கம், பழைய வேலிக்கற்களுக்கு நடுவே. முகத்தைப் பார்க்க விடவில்லை. "வேணாம் மாமா, நான் பாத்துட்டேன், அவன்தான். நான் பாத்தது போதும்." பூட்ஸை மட்டும் காட்டினார்கள். நான் வாங்கிக் கொடுத்ததுதான். நாடாவை இன்னும் இரட்டை முடிச்சாகத்தான் போட்டிருக்கான். சின்ன வயசில் நான் சொல்லிக்கொடுத்தேன் அவிழாம இருக்கணும்னு — அவிழவே இல்லை, பாவி மகன். அதைக் கழட்டியிருந்தாலாவது நீந்தியிருப்பானோ? யாருக்குத் தெரியும். யாருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். ஃபிலொமேனா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தேன். அவள் என் காலில் இருந்த சேற்றைப் பார்த்தாள்.

"கிடைச்சுட்டானா?"

"கிடைச்சுட்டான்."

கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். மாடிக்குப் போய் அவனுடைய கனத்த கம்பளிச் சட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"இதைப் போட்டுவிடச் சொல்லு. ரொம்ப நாள் குளிர்ல இருந்துட்டான்."

அதற்கப்புறம்தான் அழுதாள்.

ஏப்ரல் 28

அடக்கம் முடிந்தது. ஊரே வந்திருந்தது. தீயணைப்புக் குழு சீருடையில் தூக்கிவந்தது. ஒவ்வொருவராகத் தீர்த்தம் தெளித்துவிட்டு எங்கள் கையைப் பிடித்தார்கள். யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், ஒன்றும் நினைவில்லை. மணி அடித்தது மட்டும் கேட்டது.

எல்லோரும் போன பிறகு ஃபிலொமேனா தனியாகப் போய்க் கல்லறை மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்துவிட்டு வந்தாள். "இப்ப அவன் எங்க இருக்கான்னு தெரியும்" என்றாள். வந்து படுத்தவள் மத்தியானத்திலிருந்து இரவு வரை தூங்கினாள். நவம்பருக்கப்புறம் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மே 15

வேலைக்குத் திரும்பினேன். மடம் வரைக்கும் போனேன். ஏரிக்கு வேறு ஓட்டுநரை அனுப்பச் சொன்னேன்.

ஜூன் 12

ஏரிக்கு வேறு ஓட்டுநர் இன்று கிடைக்கவில்லை, முழுச் சுற்றும் நான்தான். காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஃபிலொமேனா கோட்டோடு வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே என்றேன். "நீ எங்க போறியோ அங்க." பின்னால் விருந்தினர்கள் இருந்தார்கள், மேலே கேட்க முடியவில்லை.

அவள் குளூர்ன்ஸில் இறங்கவில்லை. மடத்தில் இறங்கவில்லை. சாலை மேலே ஏறி ஏரிக்குத் திரும்பும் இடத்தில் என்னையறியாமல் வேகத்தைக் குறைத்தேன்.

"போ" என்றாள்.

மலைப்பனி உருகி ஏரி மறுபடி நிரம்பியிருந்தது. மணிக்கூண்டைச் சுற்றி நீலத் தண்ணீர். காற்றில்லை. அவள் இறங்கி, கரையில் தனியாகப் போய் நின்றாள். நான் வண்டியின் பக்கத்திலேயே நின்றேன். அவள் பக்கத்தில் போகவா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஓர் இளம் ஜோடி, புதுசாகக் கல்யாணமானவர்கள் போல, அவளிடம் ஃபோனை நீட்டினார்கள். ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருப்பார்கள். அவளிடம் ஓட எடுத்த என் கால் நின்றுவிட்டது. அவள் ஃபோனை வாங்கிக்கொண்டாள். பார்த்தாள். பின்னால் நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வாங்க" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "படத்துல தண்ணி முழுசா வரட்டும். தம்பி, பொண்ணைக் கெட்டியா பிடிச்சுக்க. கரை ஈரமா இருக்கு."