மிஞ்சிப்போன ஸ்பிரிங்

நம் ஹாரினுடைய அப்பாவுக்கு,

கார் சாவியைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது. நான் பஸ்ஸில் மீன் சந்தைக்குப் போகிறேன். பதினொரு மணிக்கு மெக்கானிக் பியோ வருவார். காரைப் பூட்டாமல்தான் வைத்திருக்கிறேன். ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்சீட்டில் பெல்ட்டைப் பூட்டுகிற பக்கிளைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்று மாட்டச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்று அவருக்கு யோசனை சொல்லாதீர்கள். காப்பி மட்டும் கொடுங்கள்.

முள்ளங்கி சூப் அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

"டக்குன்னு சத்தம் கேக்குதுல்ல? நான்தான் சரி பண்ணிட்டேனே, இன்னும் என்ன?" என்று நேற்று பெல்ட்டைப் பற்றிக் கேட்டதற்குக் கத்தினீர்கள். சரி செய்தது நீங்கள்தான். ஆனால் கார் வேலைக்கு மட்டும் நீங்கள் போடும் பழைய சட்டையை இப்போதுதான் துவைக்க எடுத்தேன், அதன் பையில் ஒரு ஸ்பிரிங் கிடந்தது. அது அந்தப் பக்கிளுடையது இல்லை என்று சாதிக்காதீர்கள். சோயா சாஸ் ஊற்றும் சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன், பியோவிடமே கேளுங்கள்.

தாளின் அடியில் இடமில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை பொதுக் குளியலகத்தில் உங்கள் அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிட்டேன். அவருடைய வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கேட்டேன்.

"அன்னைக்கு அவன் சட்டுன்னு பிரேக் போட்டான்ல, பெல்ட்டு கையை அறுத்துடுச்சும்மா. அது பூட்டுன மாதிரி சத்தம் போடும், இழுத்தா கழண்டு வந்துடும். சரி பண்ணிட்டேன்னு அவன் அவ்வளவு சந்தோஷமா சொன்னான், எனக்குச் சொல்ல மனசு வரலை. மூணு மாசமா அவனுக்குத் தெரியாம, கைப்பைக்கு அடியில பெல்ட்டைக் கையாலயே புடிச்சுக்கிட்டுதான் வரேன்" என்றார்.