வேற்று நாட்டுச் சட்டை

அன்புள்ள மகன் ஸ்டெனிக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் காத்ததில் இங்கே நானும் உன் பெண்டாட்டி ஷைஜாவும் பேத்தி ஜெனிலாவும் சுகமாயிருக்கிறோம், நீயும் சுகம் என்று போனில் சொல்லுகிறாய், அது மெய்யாயிருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன். போன் இருக்கக் கடுதாசி எதற்கென்று கேட்பாய். கேட்க வேண்டியதைக் கேட்டால் உடனே உனக்கு நெட் போய்விடுகிறது, கடுதாசிக்கு நெட் போகாது. பக்கத்து வீட்டு அஜின் லீவு முடிந்து நீ இருக்கிற இடத்துக்கே திரும்புகிறான், ஏத்தங்காய் சிப்ஸோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் இருக்கும்போதே வாசி.

மலேசியாவில் நீ ஆடின கிரிக்கெட் ஆட்டத்தை ஜெனிலா போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துக் காட்டினாள். நீ இருக்கிற அரபு நாட்டின் சிவப்புச் சட்டை, முதுகில் உன் பேர். அஞ்சாங்கிளாஸ் படிப்பை வைத்து இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாய்க் கூட்டி அது என் மகன் பேர்தான் என்று கண்டதும் கண் நிறைந்தது, பொய் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு பெஞ்சு விடாமல் சொன்னேன். ஆனால் ஆட்டத்துக்கு முன்னே வரிசையாய் நின்று அந்த நாட்டுப் பாட்டைப் போட்டார்களே, அப்போது உன் உதடு அசைந்தது. நம்ம கீர்த்தனையில் ரெண்டாம் சரணம் தெரியாதவன் நீ, அரபிப் பாட்டை எப்போது படித்தாய்? அப்பா சும்மா வாய அசைக்குது பாட்டி என்று பிள்ளை சிரிக்கிறாள். சும்மா அசைகிற வாயை நான் நம்புகிறதில்லை. மறுநாள் மீன் கொண்டுவந்த செல்லத்தாய், ஒங்க மவன் அந்த நாட்டுக்காரனாவே ஆயிட்டானாமே, இனி இஞ்ச வரமாட்டானாம்லா என்றாள். நான் கேட்ட சாளையைத் திரும்பவும் கூடையில் போட்டு அனுப்பிவிட்டேன், அன்றைக்கு வெறும் ரசம்தான்.

மனசு கேட்காமல் பஸ் ஏறிக் கொட்டாரம் ஊருக்குப் போனேன். அங்கே சுதன் இருக்கிறானே, அந்தக் காலத்தில் எதிர் டீமில் நின்று உனக்குப் பந்து போட்டவன், இப்போது போன் ரிப்பேர் கடை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் அம்பயராய் நிற்கிறான். அம்மா நீங்க பேடிக்கண்டாம், பயமே வேண்டாம், மூணு வருஷம் அங்க குடியிருந்தாப் போதும், அந்த நாட்டுக்கு ஆடலாம், அது உலகத்து கிரிக்கெட்காரங்க போட்ட சட்டம், பாஸ்போர்ட்ட மாத்த வேண்டிய காரியமே இல்ல என்றான். சின்ன நாடுகளில் ஆட்டத்தை வளர்க்க மேலே இருக்கிறவர்கள் பணமும் கோச்சும் அனுப்புவார்களாம், ஜெயித்தால் வரிசையில் மேலே ஏறலாமாம். சரி என்று கேட்டுவிட்டு, டீம் போட்டோவைக் காட்டி இதில் அந்த நாட்டுப் பிள்ளை யார் என்றேன். எல்லாம் நம்மாளும் பாகிஸ்தான்காரனும் பங்களாதேஷ்காரனும். சுதன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிறகு டீ சொல்லட்டுமா என்றான். ஆட்டத்தை வளர்க்கிறார்களாம், ஆனால் அந்த ஊரில் பிறந்த ஒரு பிள்ளை கையில் மட்டை இல்லை. பயிர் வளர்க்கிறவன் விதைக்க மாட்டானா, வளர்ந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தா நடுவான்?

இந்தச் சட்டம் எனக்குப் புதிதில்லை மக்கா. நம்ம சபை வாலிபரும் இதையேதானே செய்தார்கள். ஒரு வருஷம் கோயிலுக்கு வந்தால் நம்ம டீமில் ஆடலாம் என்று விதி போட்டு, கருங்கல் ஊரில் இருந்து அந்த அபினைக் கூட்டிவந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவன் சிக்ஸ் அடித்தபோதெல்லாம் நம்ம அபின், நம்ம சபைப் பிள்ளை. கிறிஸ்மஸ் கப் பைனலில் கையில் வந்த கேட்சை விட்டான் பார், அந்த நிமிஷமே அவன் வெளியூரில் இருந்து வந்த வரத்தன் ஆகிவிட்டான். வரத்தனுக்கு எங்கடே வெப்ராளம் இருக்கும், நம்மள மாதிரி மனசு பதறுமா என்று என் காதுபடப் பேசினார்கள். பந்தலில் எல்லாருக்கும் பிரியாணி விளம்பினபோது அவனை ஒருத்தரும் கூப்பிடவில்லை. மறு ஞாயிறு அந்தக் கடைசி பெஞ்சு காலி.

இப்போது இந்தக் கடுதாசி எழுத வைத்த காரியத்துக்கு வருகிறேன். போன வாரம் பேச்சுவாக்கில் பாஸ்போர்ட் டீம் மானேஜர் சார் கையில் பத்திரமாயிருக்கு என்றாய். யார் அந்த சார்? மலேசியா விசாவுக்கு வாங்கினது சரி, ஆட்டம் முடிந்து திரும்பி வந்தாயிற்றே, இன்னும் அவருக்கு அதில் என்ன வேலை? மேலத்தெரு மரியானுடைய பாஸ்போர்ட்டும் அவன் முதலாளி கையில் பத்திரமாய்த்தான் இருந்தது, பெற்ற தாயை அடக்கம் பண்ணினதுக்கு வர முடியாமல் அவன் போனில் பார்த்து அழுதான். டிசம்பரில் ஜெனிலாவுக்குக் கோயிலில் திடப்படுத்தல் ஆராதனை, தலையில் கை வைத்து ஜெபிக்க பிஷப் வருகிறார், ஷைஜா வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. அப்பா வருமா பாட்டி என்று பிள்ளை கேட்டால், அது அந்த சாருக்குத்தான் தெரியும் என்றா சொல்வேன்? பாஸ்போர்ட்டை வாங்கி உன் பெட்டியில் வைத்துப் பூட்டு. வாங்கிவிட்டேன் அம்மா என்று வாயால் சொல்லாதே, அஜின் கண்ணால் பார்த்து எனக்குச் சொல்லட்டும், அவனிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தருகிறேன் தருகிறேன் என்று அந்த சார் இழுத்தடித்தால் அந்தச் சட்டையை மடித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வா, இங்கே உனக்குச் சட்டைக்குப் பஞ்சமில்லை.

ஆட வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வெயிலில் நிற்கும்முன் கஞ்சித்தண்ணி குடி, ராத்திரி ஜெபத்தை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அடிக்கிற கையை அவர் பலப்படுத்துவாராக.

ஒன்று மறவாதே. அன்றைக்கு அந்த அபினோடு ஒருத்தரும் பேசாதபோது, தோற்ற டீமுக்குக் கேப்டன் நீ, அவன் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய்க் கருங்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாய். அங்கே உன் கையில் இருந்து கேட்ச் விழுகிற அன்றைக்கு உன் பையைத் தூக்கிக்கொண்டு வர யார் உண்டு? அந்த ஆளுடைய பேரை எழுதி அனுப்பு. பேர் வரட்டும், பிறகு நான் நம்புகிறேன்.

உன்னைப் பெற்ற
நேசம்மாள்