அக்கா சொன்ன ‘எண்ட’

2009 ஆவணி, வெள்ளி

கொழும்பில் தாதியர் படிப்புக்கு வரச்சொல்லி இன்று அக்காவுக்குக் கடிதம் வந்தது. சுனாமியில் கடல் அம்மாவைக் கொண்டுபோன நாளிலிருந்து எங்களுக்குச் சமைப்பது அவள்தான்.

“நீ போனா எங்கட குடும்பத்த ஆரு பாக்கிற, மனே?” என்று அப்பா அவளிடம் கேட்டார்.

“இது எண்ட படிப்பு, அப்பா,” என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் எதையும் தன்னுடையதாக்கி ‘எண்ட’ என்று சொல்வதில்லை. பெற்ற தாயைக்கூட ‘எங்கட அம்மா’ என்போம்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “அக்காட ‘எண்ட’யோட எங்கட சோறு ‘த எண்ட்’!” என்றேன். அப்பா சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

பின்னேரம் அந்தக் கடிதத்தைக் கொளுத்தித்தான் அடுப்பு மூட்டினாள். “எங்கட தம்பிக்குப் பசிக்குமே,” என்றாள்.

அது வெறும் பகிடி, நீ போ அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சோறு போட்டுவிட்டாள். தின்றுவிட்டேன்.