மௌரீன் தனியாக ஏறப்போகும் பாறை

மாகடிக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பூட்ஸின் ஒரு காலை மாட்டியும் மாட்டாமலும் ஆம்ப்ரோஸ் குனிந்து நின்று ஒரு தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தான். உள்ளே மனைவி மௌரீன் தூங்கினாள். நேற்று அவன் முறுக்கிய அவளுடைய மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"மௌரீன், நான் முன்னால் போகிறேன். நீ அடுத்த பஸ்ஸில் வா. 'நீங்க இல்லாம ஒண்டியாவே சாவனதுர்கா மலை ஏறிக் காட்டறேன்'னு சவால் விட்டாயே, ஏறு. உச்சியில் காத்திருப்பேன்.

சமையலறையில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருக்கின்றன. வெறும் வயிற்றோடு ஏறினால் தலை சுற்றும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. செங்குத்தான இடத்தில் நின்றுகொண்டு கீழே பார்க்காதே. கறுப்பாகப் பாசி தெரிந்தால் அதன்மேல் காலை வைக்காதே. சாவியைப் பக்கத்து வீட்டு பிரிஜெட் அக்காவிடம் கொடு.

திங்கட்கிழமை உன் அண்ணன் வந்ததும் கையைக் காட்டப் போவதாகச் சொன்னாய். தாராளமாகக் காட்டு. அவருக்கு நானே காபி போட்டுத் தருகிறேன்."

தாள் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நுணுக்கி எழுதினான்: "மேலே மூடுபனி இருக்கும், வழி தெரியாது. பாறையில் சுண்ணாம்பால் போட்ட அம்புக்குறிகளைவிட்டு ஓர் அடிகூட விலகாதே. என்மேல் எத்தனை கோபமிருந்தாலும் இதை மட்டும் கேள்."

சீட்டை முட்டைத் தட்டின் அடியில் செருகிவிட்டுத் தோள்பையை எடுத்தான். உள்ளே சுண்ணாம்பு டப்பாவும் பிரஷும் முட்டிக்கொண்டன. அவள் வந்து சேர்வதற்குள் பழைய குறிகளைத் தேய்த்து அழித்துவிட்டு, பள்ளத்தை நோக்கிப் புது அம்புகள் போட்டாக வேண்டும்.