மயிலின் கழுத்தும் மனு நாளும்

13 மே 2025, செவ்வாய்

ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போவதற்கு மனு என்று பெயர். இன்று எங்கள் முதல் மனு. தூக்கு நிறையக் கறிக்குழம்பு கொண்டுபோனேன். வாசலில் இருந்த காவலர் அம்மா மூடியைக்கூடத் திறக்கவில்லை. "வீட்டுச் சாப்பாடு உள்ள போவாதும்மா." வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். உப்பு சரியாக இருந்ததாம்.

அடுத்த முறைக்கு: அசல் ஆதார், எனக்கும் மகள் அமலிக்கும். ஜெராக்ஸ் செல்லாது. போனை வெளியே கடையில் ஒப்படைக்க வேண்டும். பத்து மணி மனுவுக்கு எட்டு மணிக்கே வரிசை. கைதி எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதிமூன்று வருடம் பெயர் சொல்லிக் கூப்பிடாத புருஷனை இப்போது எண் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மைக்கேல்ராஜ் வந்து நின்றார். அமலி வலைக்குள் விரலை விட்டு அவர் சட்டையைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை. அழுதாள். அவரும் அழுதார். இருபது நிமிடத்தில் பதினெட்டு அதற்கே போயிற்று.

14 மே

தெருவிலும் பள்ளியிலும் அவர் சூரத்தில் வேலையாக இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அமலியையும் அப்படியே சொல்லச் சொன்னேன். ஜீப்பில் ஏற்றியதைத் தெருவே நின்று பார்த்தது. ஆனாலும் மரியாதை தெரிந்த தெரு. "சூரத்துல இங்க மாதிரியே வெயிலாமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

உண்மையாக அவரை விசாரிப்பவர் ஒருத்தர்தான். அவர் உடைத்த காலுக்குச் சொந்தக்காரர், பால்கார ரங்கசாமி அண்ணன். போன வருடம் ஒரு விடியற்காலையில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தபோது, பால் கேனோடு பைக்கை அதற்குள் விட்டவர். ஐம்பது இழை அறுந்தது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த மூங்கில் கழி அண்ணன் காலில் இறங்கியது. அறுந்த இழையை ஒரு மணி நேரத்தில் முடிச்சுப் போட்டுச் சேர்த்துவிட்டோம். எலும்பு சேர ஆறு மாதம் ஆனது. அதற்குத் தீர்ப்பு இரண்டு வருடம்.

இன்றும் அண்ணன் அந்தக் காலை இழுத்து இழுத்து வந்து பால் ஊற்றினார். "இன்னாம்மா, சாப்புடறாராமா?" என்றார். சொம்பைப் பார்த்துக்கொண்டே ம் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

27 மே, செவ்வாய்

அவர் வெளியே வரவில்லை. "வர வேணாம்னு சொல்லச் சொன்னாரும்மா" என்று காவலர் வந்து சொன்னார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையாம்.

10 ஜூன், செவ்வாய்

இன்றும் வரவில்லை. மூன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, எண் சொல்லி, இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். இன்னா மனுஷன் இவரு? உள்ளே இருக்கிற ஆளுக்கு வெளியே வர மனசில்லை என்றால் நான் யாரிடம் போய் மனு போடுவது?

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தேவகி, தம்பியைப் பார்க்க நாலு வருடமாக வருகிறவள். "புள்ளைய பாத்துட்டாரில்ல, அதான் வெக்கம். லெட்டர் போடுங்க. நம்பர் எழுத மறந்துடாதீங்க. அழுதுகினு எழுதாதீங்க, படிக்காம மடிச்சு வச்சுடுவாங்க" என்றாள். அப்பீலுக்கு இலவச வக்கீல் உண்டு, உள்ளேயே கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றும் சொன்னாள். வாசலில் தானாக வந்து பேசுகிற கறுப்புக் கோட்டுகளை நம்பக் கூடாதாம். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

11 ஜூன்

அழுதுகொண்டே எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

15 ஜூன், ஞாயிறு

கோயிலில் போதகர் ஆறுதல் சொன்னார். "அப்போஸ்தலருங்களே ஜெயில்ல இருந்தவங்கதாம்மா." அவர்களில் யாரும் பால்காரர் காலை உடைத்துவிட்டுப் போகவில்லை. ஆமென் மட்டும் சொன்னேன்.

18 ஜூன்

தறியில் அவர் பாதியில் விட்ட சேலையை நான் நெய்துகொண்டிருக்கிறேன். இன்று முந்தானை, மயில் டிசைன். தறிக்கு மேலே டிசைன் பெட்டியில் கோத்திருந்த அட்டைகளின் கயிற்றை எலி கடித்திருக்கிறது. மூன்று அட்டை போயே போய்விட்டது. அட்டையில் குத்திய ஓட்டைப்படிதான் பூ விழும். அட்டை இல்லாமல் மிதித்ததில் மயிலுக்கு உடம்பு வந்தது, தலை வந்தது, கழுத்து வரவில்லை.

புது அட்டை குத்த வேண்டுமானால் கட்டத்தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். இது அவர் கையால் போட்ட டிசைன். கம்ப்யூட்டரில் கிடையாது. அவர் தலையில்தான் இருக்கிறது. தலை ஜெயிலில் இருக்கிறது.

19 ஜூன்

அமலி இதே மயில் போட்ட பழைய சேலையைப் பார்த்துக் கட்டம் கட்டமாக எண்ணி வரைந்தாள். பதினொரு வயதுக்கு நல்ல கை. எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அதை அவருக்கே அனுப்பினேன். கடிதத்தில் கண்ணீர் இல்லை. "அட்டை 37, 38, 39 காணோம். இது சரியா? சீக்கிரம் சொல்லுங்க." அவ்வளவுதான். நம்பர் எழுதினேன்.

30 ஜூன்

தறியில் இருக்கும்போது போன். ஜெயிலிலிருந்து, சிவப்பிரகாசம் என்ற அதிகாரி. "நீங்க அனுப்புன பேப்பர்ல கட்டம் கட்டமா, அங்கங்க இன்ட்டு மார்க்கு. இது எந்த பிளாக்கோட மேப்பும்மா? 37, 38, 39 யாரு?"

மயிலுங்க என்றேன். நாளைக்கு நேரில் வரச் சொன்னார்.

1 ஜூலை

பழைய சேலையைக் கொண்டுபோய் மேஜைமேல் விரித்தேன். மூன்று அதிகாரிகள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் ஜரிகை அசலா என்று கேட்டார். மேப் என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கிறவர் கதி என்ன?

சிவப்பிரகாசம் சார் கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரர்கிட்டயும் காட்டினேம்மா. மேப்பு இல்லன்னு அவரும் சொல்லிட்டாரு. ஆனா மயிலும் இல்லயாம். கோவமா பேசினாரு."

கோபமா! இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் நல்ல செய்தி.

8 ஜூலை, செவ்வாய்

வந்தார். மெலிந்திருக்கிறார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "அது இன்னா மயிலு? வாத்து மாதிரி கீது! கழுத்து எட்டாவது கட்டத்துல திரும்பணும், நீ பதினோராவதுல திருப்பிகினு இருக்க. கண்ணு இன்னாத்துக்கு கீது?" வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு மயிலைப் பற்றிக் கேட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டு வாங்கினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

"நான் போடல. உங்க பொண்ணு போட்டா."

கை வலையிலிருந்து இறங்கிவிட்டது.

"புள்ளிலாம் சரியா எண்ணிகீறா" என்றார். பிறகு, "ரங்கசாமி நடக்கறானா?"

"நடக்கறாரு. உங்கள கேக்கறாரு."

தலையைக் குனிந்துகொண்டார். நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. போகும்போது திரும்பி, "அடுத்த மனுவுக்கு பாப்பாவ கூட்டினு வா. நான் சொல்றத அவ எண்ணட்டும்" என்றார்.

9 ஜூலை

ரங்கசாமி அண்ணனிடம், அவர் உங்களைக் கேட்டார் என்றேன். அண்ணன் ஒரு கரண்டி பால் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

21 ஜூலை, திங்கள்

நாளை மனு. இரண்டு ஆதாரும் பையில் எடுத்து வைத்தாயிற்று. கட்டத்தாளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அமலி உள்ளங்கையில் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிக்கு லீவு லெட்டரும் அவளே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். "என் அப்பாவை ஜெயிலில் பார்க்கப் போவதால் நாளை ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"சூரத்துன்னு எழுதக் கூடாதாடி?" என்று கேட்டேன்.

"சூரத்துக்கு ஒரு நாள் லீவு பத்தாதும்மா" என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.