காலி இடத்துக்கு ஒரு கார்டு

மார்ச் 4, செவ்வாய்

கம்ப்யூட்டர் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு. கேபிளை மாற்றினேன், மானிட்டரைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் — திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டையே காணோம். இருந்த இடம் வெறிச்சென்று கிடக்கிறது.

சனிக்கிழமை வீட்டைவிட்டுப் போகும்போது, "என் துணி மட்டும்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றாரே என் வீட்டுக்காரர்! ஸ்க்ரூவை எப்போது கழற்றினார்? நான் குளிக்கப் போனபோதா? உடம்பைப் போட்டுவிட்டு ஈரலை மட்டும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

போயிருக்கிறான். இனிமேல் அந்த 'ர்' கிடையாது.

மார்ச் 5

நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவன் இப்போது தங்கியிருப்பது அவள் வீட்டில்தான்.

"கேட்டேன் அண்ணி. 'அவ படம்தானே பாக்கப்போறா, போன்ல பாத்துக்கட்டும்'னு சொல்றாரு அண்ணன்."

படமா? எங்கள் ஆன்லைன் விளையாட்டு அணியில் அவன் மாற்று ஆள். நான் முதல் ஐந்தில் ஒருத்தி. ஒரே கம்ப்யூட்டரில் முறை வைத்து விளையாடினோம். அந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்ததே நான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருஷம் எதைப் பார்த்தான் இந்த மனுஷன்?

மாதக் கடைசி ஞாயிறு போட்டி. அதற்குள் ஒரு கார்டு வேண்டும்.

மார்ச் 6

இருப்பதிலேயே பெரிய கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன், அவன் வயிறு எரியட்டும் என்று. நான் கார்டு வாங்குகிறேனா, அவனுக்குப் பதில் சொல்கிறேனா?

மார்ச் 8, சனி

கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்கு."

கடைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செங்கல் கனத்தில் ஒரு கார்டை எடுத்து வைத்தார். "இதை மாட்டிட்டீங்கன்னா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இதே வசனத்தைச் சொல்லித்தான் நானும் லென்ஸுக்குக் கோட்டிங் விற்கிறேன். என்னிடமேவா?

"என்கிட்ட இருக்கிறது சாதாரண மானிட்டர். இது போடுற வேகத்துல பாதிகூட அதுல தெரியாது. பவர் சப்ளை தாங்காது. பெட்டிக்குள்ள நீளமும் பத்தாது."

"அதெல்லாமும் நம்மகிட்டயே இருக்கு மேடம்."

அடப்பாவி! வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 11

பழைய கார்டு விற்கும் விளம்பரங்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இராப்பகலாக ஓடித் தேய்ந்தவை. ஒன்று மட்டும் நல்ல விலைக்கு வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். ஓரத்து விசிறியில் ஒரு இதழ் உடைந்து, பசை போட்டு ஒட்டிய தழும்பு.

ஒட்டியது நான்.

விற்கிறான். அவனுக்குத் தேவை என்றுகூட எடுத்துப் போகவில்லை. எனக்கு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பாவி, பாவி.

மார்ச் 12

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறொரு கணக்கிலிருந்து மெசேஜ் போட்டேன். யாரெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று கேட்டேன்.

"நான் மட்டும்தான் சார். வீட்டுல வேற யாரும் தொட்டதே இல்ல."

எத்தனை மரியாதை, முகம் தெரியாத சாருக்கு! சாப்பாட்டு டப்பாவை மூடினேன். பிறகு எழுதினேன்: "அப்போ அந்த விசிறியை ஒட்டினது யாருங்க?"

கடை சாத்துவதற்குள் விளம்பரத்தையே எடுத்துவிட்டான். நான்கு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

மார்ச் 15, சனி

வாங்கிவிட்டேன். போன தலைமுறைக் கார்டு, எட்டு ஜிபி. குட்டையானது, ஒரே ஒரு மின்கேபிள் போதும். அடுத்த படிக்குப் போனால் விலை இரட்டிப்பு, வேகம் கால் பங்குதான் கூடும். அந்தக் கால் பங்கு என் மானிட்டரில் தெரியவே தெரியாது. வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

நானே மாட்டினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. திரை வந்ததும் அழுகை வந்தது. எதற்கு? தெரியல.

மார்ச் 18

நாத்தனார் என் கடைக்கே வந்துவிட்டாள். துண்டில் சுற்றிய பழைய கார்டை, மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தாள்.

"அண்ணன் குடுக்கச் சொன்னாரு அண்ணி. தெரியாம பண்ணிட்டாராம்."

"தெரியாம எப்படிம்மா ஸ்க்ரூவைக் கழட்டுவாங்க?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

"எடுத்துட்டுப் போ. எனக்கு வேண்டாம்."

"சும்மா வர்றதை ஏன் அண்ணி விடுறீங்க?"

சும்மாவா? இதை வாங்கிக்கொண்டால் அடுத்த வாரம் பின்னாலேயே அவனும் வருவான். அதை அவளிடம் சொல்லவில்லை. "வேற வாங்கிட்டேன்னு சொல்லு" என்றேன்.

மார்ச் 24

பயிற்சி. கார்டு சூடாகவில்லை, சத்தமும் இல்லை. என் கைதான் துருப்பிடித்திருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டாம் சுற்றில் தோற்றோம். கார்டைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அணித் தலைவன் கரடி — குரலுக்காக வைத்த பெயர் — பதுங்க வேண்டிய நேரத்தில் ஓடினான். திட்டித் தீர்த்தேன். அவனும் பதிலுக்குத் திட்டினான். அடுத்த போட்டிக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டோம்.

சாயங்காலம் வீட்டுக்காரனிடமிருந்து மெசேஜ்: "ஆன்லைன்ல ஆட்டம் பாத்தேன். நல்லா ஓடுது. எந்தக் கார்டு?"

ஏன் இதை வாங்கினேன், அடுத்ததை ஏன் விட்டேன், எவ்வளவு சூடாகிறது என்று விறுவிறுவென அடித்தேன். முன்பெல்லாம் இப்படித்தான் மணிக்கணக்கில் பேசுவோம். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்தேன்.

மாடல் பெயரை மட்டும் அனுப்பினேன். அதற்குக் கீழே, "வீட்டுச் சாவி ஒண்ணு உன்கிட்ட இருக்கு. தங்கச்சிகிட்ட குடுத்து அனுப்பு."